உங்களுக்குத் தெரியுமா? எதிர்ப்பக்கம் அடித்துக் கேப்பைக் கழற்றும் சுத்தியல்!

பல்லில் ஒட்டிய கேப்பைக் கழற்றப் பல் மருத்துவர் கையில் எடுக்கும் சுத்தியல், பல்லின் மேல் அடிப்பதே இல்லை. பல்லைவிட்டு விலகி, தன் பிடிப் பக்கமே அடித்துக்கொள்கிறது. டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கார் கதவை வெளியே இழுக்கிறார்களே, அதே தத்துவம்தான்!

• மெல்லிய எஃகுத் தண்டு, அதன் நுனியில் குட்டிக் கொக்கி, தண்டில் வழுக்கி ஓடும் ஓர் எடைக்குண்டு. கொக்கியை ஈறோரமாகக் கேப்பின் விளிம்புக்கு அடியில் மாட்டுவார்கள். குண்டைப் பின்னால் இழுத்துவிட்டால் தண்டின் கோடியில் 'டக்' என்று மோதும். அந்த அதிர்வு கேப்பை வெளியே இழுக்கும்.

• கேப்பை ஒட்டும் சிமென்ட், மெல்லும் அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்கும். இழுப்புக்கு அவ்வளவு தாங்காது. கருவி குறிவைப்பது அந்தப் பலவீனத்தைத்தான்.

• பல்லின் நீளவாக்கில் நேராக இழுக்க வேண்டும். கோணம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் பல்லே ஒடியக்கூடும். ஆடும் பல்லில் இதைத் தவிர்ப்பார்கள்.

• சுத்தியலே வேண்டாத வழியும் உண்டு: வெந்நீரில் இளக்கிய பிசின் வில்லை! கேப்பின் மேல் வைத்துக் கடித்து, அது இறுகியதும் வாயை வெடுக்கென்று திறந்தால் கேப் அதோடு வந்துவிடும். எதிர்வரிசைப் பல்லிலும் கேப் இருந்தால் மட்டும் கவனம், அதுவும் கூடவே வரலாம்.