பரீட்சைக்கு 12 வாரம் – நேரத்தை எப்படிப் பங்கு போடலாம்?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முன்பெல்லாம் டிசெம்பர் மாதத்தில் வரும். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2020ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2021 மார்ச்சிலும், 2023ஆம் ஆண்டுக்கானது 2024 மே மாதத்திலும், 2024ஆம் ஆண்டுக்கானது 2025 மார்ச்சிலும் நடந்தன. ஆகவே, பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் திகதியைப் பாடசாலையில் கேட்டு, கலண்டரில் வட்டம் போடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி 12 வாரங்களை எண்ணுங்கள். அன்றைக்கே வேலை தொடங்க வேண்டும்.

"புள்ள ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிக்குதுங்க, ஆனா ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது" என்று தாய்மார் பலர் சொல்லக் கேட்கிறோம். பிள்ளையின் மூளையில் குறை இல்லை. படிக்கும் முறையில்தான் கோளாறு.

எதற்காக இந்தப் பாடு?

உயர்தரம் படிக்கப் பொதுவான விதி இதுதான்: தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் குறைந்தது 3 பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது 'சீ' அல்லது அதற்கு மேல் வேண்டும். சாதாரண சித்திக்கு 35 புள்ளி, திறமைச் சித்திக்கு 50 புள்ளி. மற்ற எல்லாப் பாடத்திலும் நன்றாகச் செய்துவிட்டு, கணிதத்தில் மட்டும் தவறி, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நமது தோட்டங்களில் எத்தனை பேர்! அதனால் நேரத்தைப் பங்கு போடும்போது முதல் பங்கு கணிதத்துக்கே.

கணித முதலாம் வினாத்தாளின் 'அ' பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதை முழுவதும் சரியாகச் செய்தால், இரண்டு வினாத்தாளையும் சேர்த்த இறுதிப் புள்ளி நூறில் 25 கைக்கு வந்துவிடும். சித்திக்கு இன்னும் 10தான் மிச்சம். பயந்து கொண்டிருக்கும் பிள்ளை இந்தச் சிறு வினாக்களிலிருந்து தொடங்கட்டும்.

ஒரு வாரத்தின் கணக்கு

காலை 5 முதல் 6 வரை: அம்மா ரொட்டி தட்ட எழும்பும் நேரம். லயம் அமைதியாக இருக்கும். பாடசாலை நாள் ஐந்திலும் இது கணிதத்துக்கு. வாசிப்பது அல்ல, கையால் கணக்குப் போடுவது.

மாலை 7 முதல் 8.30 வரை: 45 நிமிடம் ஒரு பாடம், அடுத்த 45 நிமிடம் இன்னொரு பாடம். ஐந்து நாளில் 10 பங்கு கிடைக்கும். கணிதம் தவிர்ந்த 8 பாடங்களுக்கும் ஒவ்வொன்று. மீதி இரண்டு, மிகவும் பின்தங்கிய பாடத்துக்கு.

சனி: ஒரு கடந்தகால வினாத்தாள். கணித இரண்டாம் வினாத்தாள் என்றால் 3 மணித்தியாலம் மணி பார்த்து, இடையில் எழும்பாமல் எழுத வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் விடை சரிபார்த்தல். அடுத்த வாரம் வேறு பாடம்.

ஞாயிறு: அந்த வாரம் பிழைத்தவற்றை மட்டும் 2 மணித்தியாலம் மீண்டும் செய்தல். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகலாம், பந்து அடிக்கலாம்.

கூட்டிப் பாருங்கள், வாரத்துக்கு பதினெட்டரை மணித்தியாலம். நித்திரையைத் தொடவே இல்லை. நித்திரையில்தான் படித்தது மனதில் பதியும். விடிய விடிய விழித்துப் படிப்பது இரவல் வாங்கி வட்டி கட்டுவது போல.

மூடிவிட்டுச் சொல்லிப் பார்

ஒரே பாடத்தை ஒரே நாளில் நாலு மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தை நாலு நாளாகப் பிரித்துப் படித்தால் அதிக காலம் நினைவில் நிற்கும். ஜெர்மன் நாட்டு அறிஞர் எபிங்கவுஸ் 1885இல் தன்னையே சோதித்து எழுதிய நூலிலேயே இது இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை நடந்தது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தவர்கள், ஒருதரம் வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே.

ஆகவே ஒரு பக்கம் வாசித்ததும் கொப்பியை மூடு. ஞாபகம் உள்ளதை எழுது. திறந்து பார்த்து விட்டதைச் சேர். மூன்று நாள் கழித்து மறுபடியும் செய்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் உதவலாம். "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறும் இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம்.

வீட்டார் செய்ய வேண்டியவை

ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது மேசை கேட்க முடியாது. மாலை ஒன்றரை மணித்தியாலம் டீவியை நிறுத்த முடியும். பக்கத்து வீட்டாரிடமும் பேசிப் பாருங்கள். ஒரே லயத்தில் பரீட்சைக்கு மூன்று பிள்ளைகள் இருந்தால், ஒரு வீட்டு இஸ்தோப்பில் சேர்ந்து படிக்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர், விறகு, தம்பி தங்கச்சி எல்லாம் அவள் தலையில். அம்மா ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு மலைக்குப் போனால் சோறாக்குவதும் அவள்தான். அண்ணன் புத்தகத்தோடு உட்காருகிறான், அவள் அடுப்படியில் நிற்கிறாள். இந்த 12 வாரமாவது வேலையை ஆண் பிள்ளைகளும் அப்பாவும் பங்கு போட வேண்டும். அவள் எழுதுவதும் அதே பரீட்சைதான்.

இன்னொன்று. பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, விண்ணப்பம் தாமதம் என்று கடைசி நேரத்தில் ஓடும் நிலை நம்மவர்களுக்கு அடிக்கடி வருகிறது. அட்டை இன்னும் வரவில்லை என்றால் நாளைக்கே அதிபரைச் சந்தியுங்கள்.

இந்த அட்டவணை உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாமல் இருக்கலாம். நேரத்தை மாற்றிக் கொள்ளுங்கள். ஆனால் தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் தவறினால் அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டாம், மறுநாள் காலை ஐந்து மணிக்கு மறுபடியும் தொடங்குங்கள்.