பழைய ஒலிநாடாவும் புதிய பெட்டியும்



மேனாட்டு இசைத்தட்டு வணிகத்தில் அண்மைக் காலத்தில் ஒரு புதுவகைப் பண்டம் பெருகி வருகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரேயோர் இசைத்தட்டாக, நாற்பது நிமிடத்தில் கேட்டு முடிக்கத் தக்கதாக வெளிவந்த படைப்பொன்று, இன்று பேரகராதியின் பருமனுள்ள பெட்டியாக மீண்டும் வருகின்றது. உள்ளே பத்து, பதினைந்து, சில வேளைகளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வட்டுகள். அவற்றோடு படங்கள் நிறைந்த நூல் ஒன்று. பெட்டியின் முகப்பில் 'புதிதாக ஒலி மெருகூட்டப்பட்டது' என்ற வாசகம் காணப்படும். அந்த வாசகத்தைத் தான் இன்று நாம் சற்றுக் கூர்ந்து நோக்கப் போகின்றோம். அதன் பின்னே இருவேறு செயல்கள் மறைந்து நிற்கின்றன. ஒன்று பழைய ஓவியத்தின் மீது படிந்த தூசியைத் துடைப்பது போன்றது. மற்றையது அதே வண்ணங்களைக் கொண்டு ஓவியத்தையே மறுபடி தீட்டுவது போன்றது.

இவ்வாறு பெட்டியேறி வரும் படைப்புகளுள் 'முற்போக்கு றொக்' எனப்படும் இசைக்குத் தனி இடம் உண்டு. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய இசை இது. மூன்று நிமிடத்தில் முடியும் ஆடற்பாட்டில் மனநிறைவு கொள்ளாத இளைஞர் சிலர், மேனாட்டுச் செவ்விசையின் நீண்ட அமைப்புகளையும், ஜாஸ் இசையின் கற்பனை விரிவையும், மின் கிற்றாரின் முழக்கத்தையும் ஒன்று சேர்த்தனர். பாடலொன்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைப்பதும் உண்டு. கிங் கிறிம்ஸன், யெஸ், ஜெனசிஸ், ஜெத்றோ டல், பிங்க் புளொயிட் என்பன இவ்வகையில் பெயர் பெற்ற குழுக்கள். இவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடமும் ஓர் இசைக்கருவியாகவே இருந்தது. அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்த்து அவர்கள் கட்டிய மாளிகைகளை மேடையில் அப்படியே எழுப்பிக் காட்டல் எளிதன்று. ஆதலால் இவ்விசையில் ஒலிநாடா என்பது நிகழ்ச்சியின் வெறும் பதிவன்று, படைப்பே அதுதான். நாடாவில் கை வைப்பவர் படைப்பில் கை வைக்கின்றார்.

எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம். கிங் கிறிம்ஸன் குழுவினரின் முதல் இசைத்தட்டு 'இன் த கோட் ஒவ் த கிறிம்ஸன் கிங்' என்பது. 'செந்நிற மன்னனின் அரசவையில்' என்று அதனைத் தமிழிற் கூறலாம். 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி வெளிவந்தது. கிற்றார் வாசித்த றொபேட் பிறிப், பாடிய கிறெக் லேக், குழலும் சக்ஸபோனும் விசைப்பலகையும் கையாண்ட இயன் மக்டொனல்ட், மேளம் வாசித்த மைக்கல் ஜைல்ஸ், பாடல்களை எழுதிய பீற்றர் சின்பீல்ட் ஆகிய ஐவரும் அன்று முப்பது வயதை எட்டாதவர்கள். வேறொரு தயாரிப்பாளரைக் கொண்டு தொடங்கிய முயற்சி கைகூடாமற்போகவே, இலண்டனிலுள்ள வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே தயாரிப்பாளராகி இதனைச் செய்து முடித்தனர்.

அக்கூடத்தில் அன்றிருந்தது எட்டுத் தட நாடாப் பொறி. அகன்ற நாடாவொன்றின் மீது எட்டுக் கோடுகள் அருகருகே ஓடுவதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு கோட்டில் மேளம், ஒன்றில் கிற்றார், ஒன்றில் குரல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பதியலாம். எட்டும் நிரம்பிவிட்டால் என் செய்வது? கிங் கிறிம்ஸன் குழுவினருக்கோ எட்டு ஒருபோதும் போதவில்லை. மெலோற்றன் என்றொரு கருவியை அவர்கள் பெரிதும் பயன்படுத்தினர். அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால், முன்னரே பதிந்து வைத்த வயலின் முதலிய கருவிகளின் ஓசை ஏறத்தாழ எட்டு விநாடி ஒலிக்கும். அவ்வோசையை ஒன்றன் மேல் ஒன்றாகப் பலமுறை அடுக்கினாற்றான் பெரியதொரு வாத்தியக் குழாத்தின் தோற்றம் உண்டாகும். ஆகவே நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து, மற்றொரு நாடாவின் ஓரிரு தடங்களிற் பிரதி செய்து, எஞ்சிய தடங்களில் மேலும் பதிந்தார்கள். இடம் கிடைத்தது, ஆயினும் அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரதியிலும் நாடாவின் இரைச்சல் சிறிது கூடும். ஒலியின் தெளிவு சிறிது குறையும். அன்றியும், ஒருமுறை கலந்த ஒலிகளைப் பின்னர் பிரிக்க இயலாது. பாலிற் கலந்த சீனியைப் போலத்தான்.

எல்லாம் பதிந்து முடிந்தபின், எட்டுத் தடங்களையும் இரண்டாகச் சுருக்குவார்கள். நமது இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று. எந்தக் கருவி எங்கே நிற்க வேண்டும், எது உரத்து எது அடங்கி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இச்செயலே ஒலிக்கலவை எனப்படும். கலந்து முடித்த அந்த இருதட நாடாவே மூலநாடா. அதனை இசைத்தட்டாக வெட்டுவதற்கு முன் இறுதியாகச் சீர்செய்வதே மெருகூட்டல்.

இப்போது பெட்டியின் முகப்பு வாசகத்துக்குத் திரும்புவோம். மூலநாடாவை எடுத்து, இக்காலப் பொறிகளால் நன்கு வாசித்து, இரைச்சலை அடக்கி, ஒலியின் சமநிலையைச் சற்றே திருத்தினால் அது மறுமெருகு. கலவை பழையதே; கருவிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவ்வாறன்றி, மூலநாடாவையும் கடந்து பின்னே சென்று, பலதட நாடாக்களையே எடுத்துப் புதிதாகக் கலந்தால் அது மறுகலவை. பழைய தீர்மானங்கள் யாவும் அங்கே மீண்டும் எடுக்கப்படுகின்றன. கடைக்காரரும் விளம்பரக்காரரும் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது எனக்கு உடன்பாடன்று.

மறுமெருகு தீங்கற்றது என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1990கள் தொடக்கம், உரத்து ஒலிக்கும் தட்டே விற்பனையாகும் என்ற எண்ணம் இசை வணிகத்தில் வேரூன்றியது. அதற்காக மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உரத்த பகுதிகளோடு ஏறக்குறைய சமமாக்கிவிடுவார்கள். நாம் சொல்லும் தட்டின் முதற் பாடல், தெளிவற்ற மெல்லிய ஓசைகளோடு சிறிது நேரம் ஊர்ந்து, பின் திடீரெனக் கருவிகள் அனைத்தும் வெடித்தெழத் தொடங்குகின்றது. அது ஓய்ந்ததும் குழலோசையோடு கூடிய மிக அமைதியான பாடல் வரும். அந்த ஏற்ற இறக்கத்திற்றான் பொருள் இருக்கின்றது. மேட்டையும் பள்ளத்தையும் நிரவியவர் சாலை போட்டிருக்கலாம். மலைக்காட்சியை நமக்குத் தரவில்லை.

கிங் கிறிம்ஸனின் மூலநாடாவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது நெடுங்காலம் காணாமற்போனதாகவே கருதப்பட்டது. பிரதியின் பிரதிகளிலிருந்தே தொடக்ககால இறுவட்டுகள் செய்யப்பட்டன. பின்னர் அது கண்டெடுக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஆதாரமாயிற்று. அது மறுமெருகு, அதுவும் சிறந்த மறுமெருகு. ஆனால் 2009ஆம் ஆண்டில், நாற்பதாவது ஆண்டு நிறைவையொட்டி நடந்ததோ வேறு. ஸ்ரீவன் வில்சன் என்னும் ஆங்கில இசைக்கலைஞர், றொபேட் பிறிப்பின் இசைவோடும் பங்களிப்போடும் இத்தட்டை முற்றாக மறுகலவை செய்தார். தடம் போதாமையால் அன்று கலந்து பிரதி செய்தார்கள் என்றேன் அல்லவா? அவ்வாறு பிரதி செய்வதற்கு முந்திய நாடாக்களும் எஞ்சியிருந்தன. அவற்றைக் கணினியிலேற்றி, ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் இணைத்தபோது, 1969இல் அக்கலைஞர்களுக்கே கிட்டாத வசதி கிட்டியது. பாலையும் சீனியையும் கலப்பதற்கு முன்னரே கைப்பற்றியது போல, மெலோற்றனின் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே கைக்கு வந்தது. கேட்டுப் பார்த்தவர்கள், திரை விலகியது போன்ற தெளிவு என்றார்கள். நானும் அதனை ஒப்புக் கொள்கின்றேன்.

எனினும் இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகின்றது. அத்தட்டில் 'மூன்சைல்ட்' என்றொரு பாடல் உண்டு. சிறிது பாடியபின், மூவர் மிக மெதுவாக, எழுதி வைக்காத இசையைப் பன்னிரண்டு நிமிடம் நிறையும் வரை வாசித்துச் செல்வர். பலருக்கு அது பொறுமையைச் சோதிக்கும் பகுதி. 2009ஆம் ஆண்டுக் கலவையில் இப்பாடல் ஏறத்தாழ மூன்று நிமிடம் குறைக்கப்பட்டது. குறைப்புக்கு உடன்பட்டவர் வேற்றாள் அல்லர். அதை வாசித்தவர்களுள் ஒருவர். ஆயினும் இருபத்துமூன்று வயதிற் செய்ததை அறுபத்துமூன்று வயதில் வெட்டும்போது அவர் அதே ஆசிரியர்தானா? மற்ற நால்வரின் உரிமை யாது? அவர்களுள் லேக் 2016இலும், மக்டொனல்ட் 2022இலும், சின்பீல்ட் 2024இலும் காலமாகிவிட்டனர். இனிச் செய்யும் மாற்றங்களுக்கு அவர்களைக் கேட்க வழியில்லை. நல்ல வேளையாக, குறைக்கப்படாத வடிவமும் அதே பதிப்பிற் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

முதற் பாடலில் லேக்கின் குரல் கரகரத்துச் சிதைந்து ஒலிக்கும். அது பழுதன்று, வேண்டுமென்றே செய்யப்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டு மனிதனின் மனப்பிறழ்வைச் சொல்லும் பாடலுக்கு அக்குரலே ஏற்றது. துடைக்கப் புகுந்தவர் எது அழுக்கு, எது வண்ணம் என்று அறியாவிடில் என்னாகும்? வில்சன் அறிந்தவர்; ஆதலால் அதனைக் காத்தார்.

ஏட்டுச் சுவடிகளை ஒப்பு நோக்கி நூல் பதிப்பித்த நம் பெரியோர், தாம் சிறந்ததெனக் கொண்ட பாடத்தை மேலே இட்டு, ஏனைய பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினர். படிப்பவன் தானே தீர்மானிக்கலாம். இசைப் பெட்டிகளையும் அந்த அளவுகோல் கொண்டே நான் நோக்குகின்றேன். 'அக்குவாலங்' என்னும் ஜெத்றோ டல் தட்டு, 1971இல் வெளிவந்த நாள் முதல் ஒலி மங்கல் என்ற குறைக்கு உள்ளாகி வந்தது. வில்சன் 2011இல் செய்த மறுகலவை அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. இத்தகைய இடத்தில் மறுகலவை பேருதவி. பிங்க் புளொயிட்டின் 'த டாக் சைட் ஒவ் த மூன்' 1973இல் வெளிவந்தது. 2011ஆம் ஆண்டுப் பெட்டியில் அதன் பழைய கலவையும், நான்கு ஒலிபெருக்கிகளுக்கென அலன் பாசன்ஸ் அக்காலத்திலேயே செய்த கலவையும், பின்னாளில் ஜேம்ஸ் கத்ரி செய்த சூழொலிக் கலவையும் அருகருகே வைக்கப்பட்டன. இது நல்ல பதிப்பு. மாறாக, ஜெனசிஸ் குழுவின் 1970 முதல் 1975 வரையிலான தட்டுகளைக் கொண்டு 2008இல் வெளிவந்த பெட்டியில் புதிய கலவைகளே இருந்தன. பழைய கலவைகள் சேர்க்கப்படவில்லை. உழைப்பிற் குறையில்லை. ஆயினும் அடிக்குறிப்பற்ற பதிப்பு அது.

எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், இவ்விசையைக் கைத்தொலைபேசியிலே கேட்பவன், "சேர், நான் கேட்கிறது பழசா, புதுசா?" என்று என்னிடம் வினவினான். நியாயமான வினா. இணையவழிச் சேவைகளில் தட்டின் பெயரும் அட்டைப் படமும் ஒன்றாகவே இருக்கும். உள்ளிருக்கும் கலவை மட்டும் மாறியிருத்தல் கூடும். பெயரோடு ஒட்டியுள்ள ஆண்டையும், 'மறுமெருகு', 'மறுகலவை' என்ற குறிப்பையும் பார்த்து, பாடலின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு சொன்னேன். 'மூன்சைல்ட்' ஒன்பது நிமிடமாயின் எது என்பது அவனுக்கு இப்போது தெரியும்.

2020இல் கிங் கிறிம்ஸனின் 1969ஆம் ஆண்டுப் பதிவுகள் முழுவதும் 26 வட்டுகளில் வெளியிடப்பட்டன. கைவிடப்பட்ட முயற்சிகள், மேடைப் பதிவுகள், பழைய கலவை, புதிய கலவைகள் யாவும் அதில் உள. அவ்வளவையும் கேட்டு முடிப்பவர் எத்தனை பேரோ! விலையும் ஆசிரியத் தொழில் செய்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய விலை. ஆயினும் அது நூலகத்துக்குரிய பொருள். அன்றியும், பெட்டியின் அளவு பெரிதானதால் ஒரு நன்மையும் விளைந்தது. வாய் பிளந்து அலறும் அந்த அட்டை முகத்தை வரைந்த பரி கொட்பர் என்னும் இளைஞர், தட்டு வெளிவந்த சில மாதங்களில், 1970 பெப்ரவரியில், தம் 24ஆவது வயதில் இறந்தார். இறுவட்டின் சிறிய உறையிற் குறுகிப்போன அவருடைய ஓவியம், இப்பெட்டிகளிலே மீண்டும் முகமளவு பெரிதாகின்றது.

இனி, நாடாக்களே இல்லாதபோது நடப்பதையும் சொல்ல வேண்டும். ஜென்டில் ஜயன்ற் குழுவின் முதல் மூன்று தட்டுகளுக்கும் பலதட நாடாக்கள் முழுமையாக எஞ்சவில்லை. ஆகவே 2017இல் 'த்ரீ பீஸ் சூட்' என்ற பெயரில், நாடா கிடைத்த பாடல்களை மட்டுமே வில்சன் மறுகலவை செய்து வெளியிட்டார். அண்மைக் காலத்தில், கலந்துவிட்ட ஒலியிலிருந்தே கருவிகளைப் பிரித்தெடுக்கும் கணினி முறையொன்று வந்துள்ளது. பீற்றில்ஸ் குழுவினர் 1966இல் நான்கு தடங்களிற் பதிந்த 'றிவோல்வர்' தட்டு, 2022இல் அம்முறையின் துணையோடு மறுகலவை செய்யப்பட்டது. பாலிலிருந்து சீனியைப் பிரிப்பது இனி முற்றிலும் இயலாததன்று. ஆனால் அவ்வாறு பிரிந்து வருவது, அன்றைய ஒலிவாங்கியின் முன் தனித்து நின்ற ஓசையன்று. அது இவ்வாறிருந்திருக்கும் எனப் பொறி கணித்த ஓசை. எந்தப் பாடலில் எந்தப் பகுதி அவ்வாறு கணிக்கப்பட்டது என்பதைப் பெட்டியிலுள்ள நூல் கேட்பவருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.