கம்பியில்லாக் குழாயில் அலை

மைக்ரோவேவ் லேப்பில் அந்தச் செவ்வகப் பித்தளைக் குழாயைப் பார்த்ததும், "நடுவுல கம்பியே இல்லையே, சிக்னல் எப்படிண்ணே போகுது?" என்று என்னிடம் கேட்காத ஜூனியர் இல்லை. பக்கச் சுவர்களில் மாறி மாறி மோதி, ஜிக்ஜாக்காகப் போகுது தம்பி!

எக்ஸ்-பேண்ட் குழாயின் உள் அகலம் 22.86 மி.மீ. அதன் இரு மடங்கை அலைநீளம் தாண்டினால், அதாவது 6.56 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அலை முன்னேறாமல் தேய்ந்துவிடும்.

10 கிகாஹெர்ட்ஸுக்கு வெளியே அலைநீளம் 30 மி.மீ. ஸ்லாட்டட் லைனில் அடுத்தடுத்த இரு மினிமாக்களின் இடைவெளியை அளந்து இரட்டித்தால் சுமார் 39.7 வரும். அப்படின்னா ஒளியை மிஞ்சிடுச்சா? வைவாவில் பலரும் மாட்டுவது இங்கேதான். மிஞ்சுவது அலைமுகடு குழாய் நெடுக நழுவும் வேகம் மட்டுமே. சிக்னல் போவது ஒளியின் முக்கால் வேகத்தில்தான், சுற்றுவழி ஆச்சே!