நாய்களில் வயிற்றுப்போக்கு

நாய்களில் வயிற்றுப்போக்கு என்பது நாயின் மலம் இயல்பைவிட இளகியோ நீராகவோ, வழக்கத்தைவிடக் கூடுதலான தடவைகளில் வெளியேறும் நிலை ஆகும். பல வேளைகளில் வாந்தி, பசியின்மை, வயிற்று வலி, சோர்வு என்பனவும் உடன் காணப்படும். இது தனியொரு நோயன்று. பல்வேறு காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறியே ஆகும். நாய்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுவரப்படுவதற்கான மிகப் பொதுவான காரணங்களுள் இதுவும் ஒன்று.

நலமாக உள்ள வளர்ந்த நாய்களில் திடீரென ஏற்படும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே தணிந்துவிடும். ஆனால் தடுப்பூசி போடப்படாத குட்டியொன்றில் இதே அறிகுறி உயிரைப் பறிக்கும் பார்வோ வைரசு நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். எனவே இவ்விரண்டையும் பிரித்தறிவது வளர்ப்பவரின் முதற்பணி ஆகின்றது. மலத்தின் தோற்றத்தை மட்டும் கொண்டு நிலைமையின் கடுமையை முடிவு செய்ய இயலாது. நாய் எவ்வளவு நீரை இழந்துள்ளது, எவ்வளவு சுறுசுறுப்பாக உள்ளது என்பவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு ஏற்படும் விதம்

பருகும் நீர் மட்டுமன்றி, உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் ஆகியனவும் நாளும் குடலினுள் சேர்கின்றன. இந்நீரின் பெரும்பகுதியைச் சிறுகுடல் மீள உறிஞ்சுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கைப் பெருங்குடல் உறிஞ்சுகிறது. இவ்வுறிஞ்சல் குறைந்தாலோ, குடற்சுவரிலிருந்து நீர் மிகையாகச் சுரந்தாலோ மலம் நீர்த்துப் போகின்றது. செரிக்காத உணவு குடலில் தங்கி நீரைத் தன்பால் இழுத்து வைத்திருப்பதும், நோய்க்கிருமிகளால் குடல் உறிஞ்சிகள் சிதைவதும், குடற்சுவர் அழற்சி அடைவதும் இதற்கான முதன்மை வழிகள் ஆகும்.

பாதிக்கப்பட்ட பகுதியை மலத்தின் தன்மையைக் கொண்டு ஓரளவு கணிக்க இயலும்.

- சிறுகுடல் பாதிப்பு: ஒவ்வொரு தடவையும் மிகுதியான மலம் வெளியேறும், தடவைகள் சற்றே கூடும். நாட்பட்டால் உடல் மெலியும். குடலின் மேற்பகுதியில் குருதி கசிந்தால் மலம் தார் போன்று கறுத்துக் காணப்படும்.
- பெருங்குடல் பாதிப்பு: சிறிது சிறிதாகப் பல தடவைகள் மலம் கழியும். நாய் முக்கும். சளியும் சிவந்த குருதியும் கலந்திருக்கலாம்.

காரணங்கள்

- உணவு: குப்பையில் கிடப்பதையும் கெட்டுப்போனதையும் உண்ணுதல் மிகப் பொதுவான காரணம் ஆகும். ஒரு வகை உணவிலிருந்து வேறொன்றுக்குத் திடீரென மாற்றுவதாலும் வயிறு கெடலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றில் பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் பாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும்.
- ஒட்டுண்ணிகள்: உருண்டைப் புழு, கொக்கிப்புழு, சாட்டைப் புழு ஆகிய குடற்புழுக்களும், சியார்டியா, காக்சிடியா ஆகிய ஒரு செல் உயிரிகளும் இதில் அடங்கும். கொக்கிப்புழு குடற்சுவரிலிருந்து குருதியை உறிஞ்சுவதால் சிறு குட்டிகள் குருதிச்சோகையால் இறக்கவும் கூடும்.
- வைரசுகள்: பார்வோ வைரசு, கொரோனா வைரசு, டிசுடெம்பர் வைரசு.
- பாக்டீரியாக்கள்: சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர், குளோசுட்ரிடியம். இவை நலமான நாய்களின் மலத்திலும் காணப்படலாம் என்பதால், இவை இருப்பது மட்டுமே நோய்க்காரணத்தை உறுதி செய்யாது.
- பிற உறுப்புகளின் நோய்கள்: கணைய அழற்சி, கல்லீரல் மற்றும் சிறுநீரக நோய்கள், அண்ணீரகச் சுரப்புக் குறைபாடு.
- நச்சுப் பொருட்களும் அயற்பொருட்களும்: எலி மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவை. துணி, பந்து, எலும்புத் துண்டு முதலியன குடலை அடைத்துக் கொள்வதும் உண்டு.

பார்வோ வைரசு நோய்

நாய்ப் பார்வோ வைரசு 1978-ஆம் ஆண்டில் புதிய நோயாக அடையாளம் காணப்பட்டது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரசுக்கு நெருங்கிய உறவுடைய இது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. 6 வாரம் முதல் 6 மாதம் வரையிலான குட்டிகளே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றன.

இவ்வைரசு விரைந்து பிரியும் செல்களைத் தாக்கும் இயல்புடையது. குடலின் உட்புறப் படலத்தைப் புதுப்பிக்கும் செல்களும், எலும்பு மச்சையில் வெள்ளையணுக்களை உருவாக்கும் செல்களும் அத்தகையவை. எனவே ஒரே வேளையில் குடலின் தடுப்பரண் சிதைந்து, உடலின் எதிர்ப்பாற்றலும் குன்றுகிறது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் குருதியில் கலக்கின்றன. இறப்பு பெரும்பாலும் நீரிழப்பாலும் இக்குருதித் தொற்றாலும் நேர்கிறது.

தொற்றிய 3 முதல் 7 நாட்களில் பொதுவாக அறிகுறிகள் தோன்றும். முதலில் குட்டி சோர்ந்து உணவை மறுக்கும். பின்னர் வாந்தியும், கடும் நாற்றமுடைய, பெரும்பாலும் குருதி கலந்த வயிற்றுப்போக்கும் ஏற்படும். சிகிச்சை அளிக்கப்படாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. தக்க சிகிச்சை விரைந்து கிடைக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. எனவே சோர்வும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்ட குட்டியை "நாளை பார்க்கலாம்" என்று விட்டுவைத்தல் கூடாது.

நீரிழப்பைக் கண்டறிதல்

நலமான நாய்க்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் தேவைப்படுகிறது. அதாவது 10 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். வயிற்றுப்போக்கின்போது இழக்கும் நீரும் இதனுடன் ஈடுசெய்யப்பட வேண்டும். நீரிழப்பைப் பின்வரும் எளிய சோதனைகளால் வீட்டிலேயே உணரலாம்.

- ஈறு: இயல்பான ஈறு ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். விரலால் தொடும்போது உலர்ந்தோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் நீர் குறைந்துள்ளது எனக் கொள்ளலாம்.
- தோல்: தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள தோலை மெல்லத் தூக்கிவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்புவது நீரிழப்பின் அறிகுறியாகும். முதிய, மெலிந்த நாய்களில் இச்சோதனை பிழையாகவும் காட்டலாம்.
- குருதி நிரம்பும் நேரம்: ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும்.

உடல் எடையில் 5 விழுக்காட்டுக்குக் குறைவான நீரிழப்பு இச்சோதனைகளில் புலப்படாது. 10 விழுக்காட்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே அறிகுறி தெரியும்போது இழப்பு ஏற்கெனவே கணிசமாக ஆகிவிட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

வீட்டில் பராமரித்தல்

தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டு, உற்சாகமாக உள்ள, வாந்தியற்ற வளர்ந்த நாய்க்கு மட்டுமே வீட்டுப் பராமரிப்பு பொருந்தும்.

நீர்: தூய நீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். வயிறு கெட்டிருக்கிறது என்பதற்காக நீரை நிறுத்துதல் தவறாகும். ஒரே மூச்சில் பருகி வாந்தியெடுக்கும் நாய்க்குச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கலாம். வாந்தியெடுக்கும் நாயின் வாயில் நீரை வலிந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

உணவு: 12 முதல் 24 மணி நேரம் பட்டினி போடும் முறை முன்னர் பரவலாக அறிவுறுத்தப்பட்டது. குடற்படலத்தின் செல்கள் குடலிலுள்ள உணவிலிருந்தே தமக்கான ஊட்டத்தின் ஒரு பகுதியைப் பெறுவதால், வாந்தியற்ற நாய்க்கு இது தேவையில்லை என இப்போது கருதப்படுகிறது. கடும் பார்வோ நோயுற்ற குட்டிகளில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வொன்றில், வாந்தி நிற்கும் வரை காத்திராமல் 12 மணி நேரத்திலேயே குழாய் வழி உணவு பெற்ற குட்டிகள் விரைவாகத் தேறின. சிறு குட்டிகளையும் மிகச் சிறிய இன நாய்களையும் பட்டினி போட்டால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

எளிதில் செரிக்கும், கொழுப்புக் குறைந்த உணவே ஏற்றது. தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கும், குழைய வடித்த சோறு இரண்டு பங்கும் கலந்து, உப்பும் மசாலாவும் இன்றி, நாளொன்றுக்கு 4 முதல் 6 வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். நாய்களால் அரிசி மாவுச்சத்தை நன்கு செரிக்க இயலும். 2013-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் படிகள் ஓநாய்களை விட நாய்களில் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டியது. மலம் இறுகிய பின் 3 முதல் 5 நாட்களில் சிறுகச் சிறுக வழக்கமான உணவுக்குத் திரும்ப வேண்டும். இக்கலவை முழுமையான ஊட்டம் உடையதன்று. எனவே நீண்ட நாட்களுக்கு ஏற்றதன்று.

தமிழ்நாட்டு வீடுகளில் வயிறு கெட்ட நாய்க்குத் தயிர்ச்சோறு கொடுக்கும் வழக்கம் உண்டு. தயிரில் பாலை விட லாக்டோசு குறைவு என்பதால் பல நாய்கள் இதனை ஏற்றுக்கொள்கின்றன. எனினும் பால் பொருட்கள் ஒவ்வாத நாய்க்கு இதனைத் தவிர்க்க வேண்டும். வெங்காயம் சேர்த்ததையோ தாளித்ததையோ கொடுத்தல் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

மாந்தருக்கான மருந்துகளை நாய்க்குக் கொடுப்பது ஆபத்தானது. பாரசிட்டமால், ஐபுபுரோபன் ஆகியன நாய்களுக்கு நச்சாகலாம். வயிற்றுப்போக்கை நிறுத்த மாந்தர் உட்கொள்ளும் லோப்பரமைடு, காலி முதலிய சில மேய்ப்பு இன நாய்களின் மூளையைப் பாதிக்கும். மருந்தை மூளைக்குள் செல்லவிடாமல் வெளியேற்றும் புரதத்திற்கான மரபணுவில் இவ்வினங்களில் பல நாய்கள் குறைபாடு கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இக்குறைபாடு 2001-இல் கண்டறியப்பட்டது.

நுண்ணுயிர் எதிரிகளையும் தாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது. இவை குடலிலுள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. 2024-இல் ஐரோப்பாவில் வெளியிடப்பட்ட கால்நடை மருத்துவ வழிகாட்டி, நாய்களின் இலேசான, நடுத்தரமான திடீர் வயிற்றுப்போக்குக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறது.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்கலேட், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி ஆகியன நாய்களுக்கு நஞ்சாகும். பாயசத்தில் இடப்படும் உலர்திராட்சையும் இதில் அடங்கும். சமைத்த எலும்பு கூரிய துண்டுகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

மருத்துவரை உடனே நாட வேண்டிய நிலைகள்

- 6 மாதத்திற்குக் குறைந்த குட்டி அல்லது தடுப்பூசி போடப்படாத நாய்
- மலத்தில் மிகுதியான குருதி அல்லது தார் போன்ற கறுத்த மலம்
- திரும்பத் திரும்ப வாந்தி; பருகிய நீரும் தங்காமை
- கடும் சோர்வு, நிற்க இயலாமை, வெளிறிய ஈறு
- உடல் வெப்பநிலை 39.5 பாகை செல்சியசுக்கு மேல் அல்லது 37.5-க்குக் கீழ் (இயல்பான அளவு ஏறத்தாழ 38.3 முதல் 39.2 வரை)
- நஞ்சையோ அயற்பொருளையோ விழுங்கியதாக ஐயம்
- கருவுற்ற, முதிய அல்லது வேறு நோயுள்ள நாய்
- இரண்டு நாட்களில் குறையாத வயிற்றுப்போக்கு

வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வெளிவராத நிலை இரைப்பை முறுக்கத்தைக் குறிக்கலாம். ஆழ்ந்த மார்புடைய பெரிய இனங்களில் இது மிகுதி. சில மணி நேரத்தில் இறப்பு நேரலாம் என்பதால் உடனடி அறுவை சிகிச்சை தேவை.

மருத்துவரிடம் செல்லும்போது புதிய மல மாதிரி ஒன்றைத் தூய கலத்தில் எடுத்துச் செல்வது உதவும். எப்போது தொடங்கியது, என்ன உண்டது, எத்தனை தடவை கழிந்தது, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றின் நாட்கள் என்பனவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது. பார்வோ நோய் ஐயமுள்ள குட்டியைக் காத்திருக்கும் இடத்தில் தரையில் விடாமல், முன்கூட்டியே அறிவித்துவிட்டு அழைத்துச் செல்ல வேண்டும்.

தடுப்பு

பார்வோ நோய்க்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வார வயது ஆகும் வரை தொடர்ந்து போட வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருட்கள் குட்டியின் உடலில் இருக்கும் வரை அவை தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்கின்றன. அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். ஒரே ஊசியுடன் நிறுத்தினால் குட்டி பாதுகாப்பற்று இருக்கக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

பார்வோ வைரசு மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். பொதுவான கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அழியாது. ஒரு பங்கு வெளுப்புக் கரைசலுக்கு 30 பங்கு நீர் கலந்து, முன்பே கழுவித் தூய்மையாக்கிய தரையில் 10 நிமிடம் ஊறவிட்டால் அழியும். நோயால் குட்டி இறந்த வீட்டில் தடுப்பூசி முடியாத வேறொரு குட்டியை உடனே கொண்டுவருதல் கூடாது.

குடற்புழு நீக்கம் 2 வார வயதிலேயே தொடங்கப்படுகிறது. உருண்டைப் புழு பிறக்கும் முன்பே தாயின் உடலிலிருந்து குட்டிக்குச் செல்வதும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே பரவுவதுமே இதற்குக் காரணம். இவ்விரு புழுக்களின் இளம் பருவங்கள் மாந்தரையும், சிறப்பாக மண்ணில் விளையாடும் சிறுவர்களையும் பாதிக்கக்கூடும். நாயின் மலத்தை உடனுக்குடன் அகற்றுவதும், பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் நாய்க்கும் வீட்டாருக்கும் ஒருங்கே பாதுகாப்பளிக்கும்.

இவற்றையும் பார்க்க

- நாய்
- குடற்புழு
- தடுப்பூசி
- நீரிழப்பு
- வெறிநாய்க்கடி நோய்