அயோடினுக்கு வழிவிடாத தண்ணீர்

டீயைக் குடித்துக்கொண்டே பேசுவோம். "தைராய்டு வர்றதுக்குத் தண்ணிதான் காரணமாமே?" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் அப்படியில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால் வருவது நிறைய. ஆனாலும் தண்ணீருக்கு இதில் ஒரு பங்கு உண்டு.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் இந்தச் சுரப்பிக்கு மூலப்பொருள் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் போதும். ரத்தத்தில் ஓடும் அந்தத் துளியூண்டு அயோடினைப் பிடித்து உள்ளே இழுக்க, சுரப்பியின் செல்களில் தனியாக ஒரு புரதம் இருக்கிறது. அளவிலும் மின்னூட்டத்திலும் அயோடினைப் போலவே இருக்கும் பெர்குளோரேட், தயோசயனேட், நைட்ரேட் ஆகிய வேதிப்பொருட்கள் வந்தாலும் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் படிக்கட்டில் நெருக்கியடித்து நிற்பவர்களைப் போல இவை அடைத்துக்கொள்ள, அயோடின் கீழேயே நின்றுவிடும்.

இவற்றில் முரடு பெர்குளோரேட்தான். அயோடினைவிடச் சுமார் 30 மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 1950களில் தைராய்டு அதிகமாகச் சுரந்தவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் சேர்கிற உப்பு இது. தண்ணீரில் சட்டென்று கரையும், மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். அமெரிக்காவின் நெவாடாவில், ஹெண்டர்சன் ஊர் ஆலைகளிலிருந்து கசிந்தது மீட் ஏரி வழியாகக் கொலராடோ ஆற்றுக்கே போய்விட்டதை 1997இல் கண்டுபிடித்தார்கள். நம் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளை ஒட்டிய நிலத்தடி நீரிலும் பெர்குளோரேட் இருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நைட்ரேட் அவ்வளவு முரடு இல்லை. ஆனால் அளவில் எக்கச்சக்கம். வயலில் போடும் யூரியா, மாட்டுத் தொழுவம், கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டிய செப்டிக் டேங்க் எல்லாம் சேர்ந்து அதை இறக்குகின்றன. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்திய வரம்பு. "நாங்க காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பார்கள். கிருமிக்கு அது சரி. நைட்ரேட் ஆவியாகாது, இரண்டு லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் அதன் செறிவு இரண்டு மடங்காகிவிடும். ஆர்ஓ கருவி பெரும்பகுதியை வடிகட்டும், சாதாரண கேண்டில் ஃபில்டர் வடிகட்டாது.

உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்தால் சுரப்பி ஓரளவு தாக்குப்பிடிக்கும். இல்லாதவர்களுக்குத்தான் அடி, அதிலும் கர்ப்பிணிகளுக்கு. முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரக்காது. அதன் மூளை வளர்வது அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவிலேயே குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம், பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் கல்லுப்பை அள்ளி வருகிறோம்.

கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ குடிப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்து நைட்ரேட் அளவைப் பார்த்துவிடலாம். பெர்குளோரேட்டுக்கு நம் குடிநீர்த் தர அட்டவணையில் இடமே இல்லை. அதனால் வழக்கமான சோதனையில் அது சிக்காது. சிவகாசிப் பக்கத்து ஊர்களிலாவது அரசு அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தண்ணீர் எடுக்கிற கிணறுகளிலிருந்து தொடங்கட்டும்.