பண்ணை வீட்டுப் பாதைகள் - 7: மணி நின்றால் எழுந்திரு

தென் டிரோல் எங்கே இருக்கிறது, இத்தாலிக்குள் ஏன் ஜெர்மன் பேசுகிறார்கள், பண்ணை வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதெல்லாம் போன வாரத்துக் கதை. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். இந்த வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்தப் பாதையில் கால் வைத்தாலும், இதை முதலில் யார் போட்டார்கள், எந்த வேலைக்காகப் போட்டார்கள் என்று கேட்காமல் நகரமாட்டேன். விடுமுறைக்கு வருகிறவன் காலாற நடக்கட்டும் என்று மலையை வெட்டியவர்கள் அபூர்வம். (இதே பகுதியில், மெரான் நகரில், ஃபிரான்ஸ் டாப்பைனர் என்ற டாக்டர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகர்வாசிகளும் நோயாளிகளும் உலாவுவதற்கென்றே கைக்காசு போட்டுப் பாதை அமைத்தார். அவர் விதிவிலக்கு. இப்போதைக்கு விடுங்கள்.)

பண்ணை வீடு இருக்கும் பள்ளத்தாக்கின் பெயர் ஃபின்ஷ்காவ். சுற்றிலும் ஆல்ப்ஸ், உச்சியில் பனி. கீழேயோ ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. நம் ராமநாதபுரத்தில் இதைவிட அதிகம் பெய்கிறது. வருகிற மேகத்தையெல்லாம் இருபக்கத்து மலைகளும் வெளியிலேயே நிறுத்திக் கறந்துவிடுகின்றன. தெற்கு பார்த்த சரிவுக்குச் சூரிய மலை என்றே பெயர். கோடையில் அங்கே புல்லும் முள்ளும் பொரிந்து கிடக்கும்.

தலைக்கு மேலே தண்ணீர், காலடியில் வறட்சி. நடுக்காலத்திலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள். பனி உருகி வரும் ஓடையை மேலேயே மடக்கி, மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, மைல் கணக்கில் இழுத்துவந்து வயலில் விட்டார்கள். பாறை குறுக்கிட்டால் லார்ச் மரத்தைக் குடைந்து தொட்டியாக்கி, பாறை முகத்தில் தொங்கவிட்டு, அதன் வழியே தண்ணீரை ஓட்டினார்கள். வாய்க்காலுக்கு ஊர்ப்பெயர் ‘வால்’. அதைப் பார்த்துக்கொள்பவர் வாலர். நம்மூர் நீர்க்கட்டியின் வேலைதான். அவர் போய்வருவதற்காகக் கரையோரம் விட்ட ஒடுங்கிய தடம்தான், இன்றைக்கு முதுகுப்பையும் கைத்தடியுமாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் நடக்கும் ‘வால்வேக்’.

இப்போது மணி. வாய்க்காலுக்குள் ஒரு சின்ன மரச்சக்கரம். ஓடுகிற தண்ணீர் அதைச் சுற்றுகிறது. அச்சில் ஒரு முளை. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த முளை ஒரு சுத்தியலின் வாலை அமுக்கித் தலையைத் தூக்கும். முளை விலகியதும் தலை விழுந்து மணியில் ஒரு தட்டு. டண். மறுபடி தூக்கு, மறுபடி டண். பகலும் இரவும் இதே வேலை. பக்கத்தில் நின்று பார்த்தால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

ஆனால் அது விளையாட்டுச் சாமான் இல்லை என்பது, வாலரின் குடிசை எங்கே இருந்தது என்று பார்த்தால் புரியும். மணிச் சத்தம் காதில் விழும் தூரத்தில். மேலே எங்கோ இலையும் கிளையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், மண் சரிந்தால், கரை உடைந்தால், இங்கே நீர் வற்றும், சக்கரம் நிற்கும், மணி அடங்கும். உடனே வாலர் எழுந்து, விளக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மேலே ஓட வேண்டும். உலகத்து மணிகளெல்லாம் அடித்து எழுப்புகின்றன. இது அடிக்காமல் எழுப்புகிறது. யோசித்துப் பாருங்கள், ஆள் சத்தத்திலேயே தூங்கிப் பழகியிருக்கிறார்! எவர் யோசித்தாரோ, பெயர் தெரியாத அந்த மனிதருக்கு இந்த வாரப் பக்கம் முழுவதையும் கொடுத்தாலும் தகும்.

தண்ணீருக்கு முறை உண்டு. இன்னார் நிலத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. முறை நடு ராத்திரி வந்தால் நடு ராத்திரியில்தான் பாய்ச்ச வேண்டும். உங்கள் முறையில் மணி நின்றுபோனால் உங்கள் வயல் காய்ந்தது. வாலர் ஓடியதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் தாமதித்தாலும் ஊரே திரண்டு வந்திருக்கும்.

இந்தப் பாதைகளில் நீளமானது மார்லிங் வாய்க்காலோரப் பாதை. டோல் என்ற இடத்தில் தொடங்கி லானா வரை 12 கிலோமீட்டர். வெட்டியவர்கள் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் கார்த்தூசிய மடத்துத் துறவிகள். பேசாநோன்பு காக்கும் கூட்டம். தங்கள் நிலத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1737-இல் தொடங்கி 1756-இல் முடித்தார்கள். பத்தொன்பது வருஷ வேலை. 1782-இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் மடத்தையே கலைத்துவிட்டார். வெட்டியதற்கு அனுபவித்தது இருபத்தாறு வருஷம்தான். மடத்தின் அறைகளில் குடியானவர்கள் குடியேறினார்கள். அது இன்று கார்ட்ஹவுஸ் என்ற ஊர். வாய்க்காலோ அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நடக்கிறவனுக்கு இதில் என்ன லாபம்? சொல்கிறேன். ஆல்ப்ஸ் என்றதும் மூட்டு வலிக்காரர்கள் பின்வாங்குவார்கள். ஆனால் தண்ணீர் ஏறாது. செங்குத்தாக இறங்கவிட்டால் கரையை அரித்துவிடும். ஆகவே வாய்க்கால், இறங்குவதே தெரியாத சரிவில் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. கூடவே பாதையும். எழுபது வயதுப் பாட்டியும் நாலு வயதுப் பேரனும் ஆல்ப்ஸ் மலையில் மூச்சு வாங்காமல் போகிறார்கள் என்றால், அந்தச் சுகம் தண்ணீரின் குணத்திலிருந்து வந்தது. சுற்றுலாத் துறை கொடுத்ததல்ல. நடந்து களைத்தால் பள்ளத்தாக்கில் ரயில் இருக்கிறது. மூடிக் கிடந்த ரயில் பாதையை மாகாணம் செப்பனிட்டு 2005-இல் மறுபடி திறந்தது. காலையில் ஒரு நிலையத்தில் இறங்கி, வாய்க்காலோடு நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறி, இரவுச் சாப்பாட்டுக்குப் பண்ணை வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பல வாய்க்கால்களில் இப்போது தண்ணீர் இல்லை. குழாயும் தெளிப்பானும் வந்தபின் அவற்றுக்கு வேலை போய்விட்டது. தெளிப்பானைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஏப்ரலில் ஆப்பிள் பூத்திருக்கும்போது இரவில் உறைபனி விழுந்தால் அந்த வருஷ விளைச்சல் போச்சு. அப்படிப்பட்ட இரவுகளில் தெளிப்பானைத் திறந்து பூக்களை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காப்பாற்றுகிறது. மழை என்று நினைத்துத் தூங்கிய விருந்தாளி காலையில் ஜன்னலைத் திறந்தால், தோட்டம் முழுக்கக் கண்ணாடிக்குள் வைத்த பூவாக நிற்கும். ஐரோப்பாவின் ஆப்பிளில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று இந்த மாகாணத்துச் சரக்கு. ஆகவே வீட்டுக்காரர் அந்த இரவில் வேடிக்கை பார்க்க ஜன்னலருகே நிற்பதில்லை.

பழைய முறைப் பாசனத்தை 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி உட்பட ஏழு நாடுகள் சேர்ந்து கேட்டன. நல்ல காரியம். ஆனால் இன்னும் சில வாய்க்கால்களை வாலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதிரே மண்வெட்டியோடு ஒருவர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். நீங்கள் நிற்பது அவருடைய பணியிடம். கைக்கெட்டும் ஆப்பிளைப் பறிக்காதீர்கள், அது இன்னொருவருடைய கடன் தவணை.

இவ்வளவும் எழுதியபோது உதவி ஆசிரியர் கூப்பிட்டார். “சார், ‘பண்ணை வீட்டு விருந்து’ன்னு போன வாரமே பெட்டிச் செய்தி போட்டுட்டோம். படம்கூட வரைஞ்சாச்சு.”

“படத்துல என்ன இருக்கு?”

“ரொட்டி சார்.”

“அதுல ஒரு மணியைச் சேத்துடச் சொல்லுங்க தம்பி.”

அதனால் அவசரமாக ஒன்றிரண்டு. பண்ணையில் அறை வாடகைக்கு விடுவதற்கு இத்தாலியில் 1985-இல் தனிச் சட்டம் வந்தது. விவசாயமே பிரதானமாக இருக்க வேண்டும், விருந்தாளி அதற்குத் துணை என்பது அதன் சாரம். மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையைப் படுக்கையறையாக்கிப் பண்ணை வீடு என்று பலகை மாட்ட முடியாது. இந்த மாகாணத்து உழவர் சங்கம் ‘சிவப்புச் சேவல்’ என்ற முத்திரையில் தன் பண்ணைகளை விருந்தாளிகளுக்குக் காட்டுகிறது. ஓட்டலுக்கு நட்சத்திரம் மாதிரி இங்கே பூ. பூ கூடினால் வாடகையும் கூடும். பூ குறைந்த வீட்டில் சாப்பாடு மட்டமாக இருக்கும் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் நிச்சயம் சாப்பாடு. ஜோடி ஜோடியாக ஒட்டிச் சுட்ட கறுத்த ரொட்டி, புகையில் வாட்டிய பன்றி இறைச்சி, மொறுமொறுவென்று உடைத்துத் தின்னும் ஷூட்டல்புரோட், நேற்றைய ரொட்டியை வீணாக்காமல் பிடித்த உருண்டை, எல்லாம் உண்டு. ஒரே ஒரு சிக்கல். ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் ஆயிரக்கணக்கான ஆடுகள் பனிமலைக் கணவாய் ஏறி ஆஸ்திரியாவுக்கு மேயப் போகின்றன. அதுவும் ஒரு பாதைதான். உதவி ஆசிரியர் எதற்கும் ஓர் ஆட்டுப் படத்தைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

(நடப்போம்)