மூளைப் படமும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாமும்

மூளையைப் பற்றிய பேச்சு நம் பக்கத்தில் பெருகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015-இல் கணினிவழி மூளை ஆய்வுக்கென ஒரு மையமும் 2022-இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையமும் வந்தன. 2024 டிசம்பரில் இந்த இரண்டாவது மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளைக்கு 5,132 வெட்டுப் படங்கள் கொண்ட முப்பரிமாண வரைபடத்தை, 'தரணி' என்று பெயரிட்டு, யாரும் காசில்லாமல் பார்க்கும்படி வெளியிட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் அருங்காட்சியகத்தில் மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்க முடியும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2016-இல் விஞ்ஞானச் சொற்பொழிவைக் கச்சேரி மேடையான மியூசிக் அகாதெமிக்கே கொண்டுபோனது. ஆய்வு நிறுவனங்கள் கதவைத் திறந்து 'வாங்க, கேளுங்க' என்கின்றன. நல்லதுதான். எப்படிக் கேட்பது என்பதுதான் என் கேள்வி.

நம் வட்டாரத்தில் இரண்டு எதிர்வினைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'இதெல்லாம் மனிதரைச் சதையாகச் சுருக்கும் அதிகாரச் சொல்லாடல்' என்று கூட்டத்துக்கே போகாமல் தீர்ப்பு எழுதிவிடுவது. இன்னொன்று, போய்வந்து, 'காதல், கவிதை, கடவுள் எல்லாம் நியூரான்தான் தோழர்' என்று டீக்கடையில் கதையை முடித்துவிடுவது. முன்னது சோம்பல், பின்னது பக்தி. இரண்டுமே பேச்சைக் கேட்பதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: மூளையில் காணப்படும் ஒரு வித்தியாசம் ஆய்வறையில் ஒரு தடயம் மட்டுமே. மேடைக்கு வந்ததும் அதுவே காரணமாக உருமாறிவிடுகிறது. இந்த உருமாற்றம் எங்கே, எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

1

புதுச்சேரியில் உட்கார்ந்து இதை எழுதும்போது பிரான்சிலிருந்து தொடங்குவது பொருத்தம். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823-இல். இன்றைய ஜிப்மர் தன் வரலாற்றை அங்கிருந்துதான் எண்ணுகிறது. அதே நூற்றாண்டில்தான் பாரிசில் மூளை மேடை ஏறியது.

1861 ஏப்ரலில் பாரிஸ் மானுடவியல் கழகக் கூட்டத்தில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு மூளையைக் கொண்டுவந்து காட்டினார். பிசேத்ர் மருத்துவமனையில் முந்தின நாள் இறந்துபோன நோயாளியின் மூளை. 21 ஆண்டுகள் அங்கே கிடந்தவர் அவர். பிறர் சொல்வது புரியும், கைஜாடையால் பதில் தருவார். வாயிலிருந்து மட்டும் 'தான், தான்' என்ற ஒரே ஓசை. இடது முன்மடலில் சிதைவு இருந்தது. பேச்சை உருவாக்கும் திறனுக்கும் மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கும் உள்ள உறவு இப்படித்தான் துலங்கியது. பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. பேச்சு போன இடத்துக்கு 'புரோக்கா பகுதி' என்று மருத்துவரின் பெயர் கிடைத்தது. பேச்சிழந்த மனிதரோ பாடநூல்களில் 'தான்' என்ற அந்த ஓசையாகவே தங்கிப்போனார். அவருடைய முழுப்பெயரையும் வாழ்க்கையையும் ஆவணங்களிலிருந்து செசாரி டொமான்ஸ்கி என்ற போலந்து ஆய்வாளர் வெளியே கொண்டுவந்தது 2013-இல். லூயி விக்தோர் லெபோர்ன். செருப்புத் தைப்பவர்களுக்கு மரத்தில் கால் அச்சு செதுக்கிக் கொடுத்த தொழிலாளி. ஒரு தொழிலாளியின் மூளை கண்ணாடிக் குடுவைக்குள் போக ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அவர் பெயர் வெளியே வர 150 ஆண்டு ஆயிற்று.

இதே புரோக்கா மூளைகளை எடை போட்டவரும்கூட. 292 ஆண் மூளைகளின் சராசரி 1,325 கிராம், 140 பெண் மூளைகளின் சராசரி 1,144 கிராம். எண்களில் பொய் இல்லை. உடம்பு சிறியதாக இருந்தால் மூளையும் சிறியதாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பெண்கள் சராசரியாக அறிவில் சற்றுக் குறைந்தவர்கள் என்பதை ஏற்கனவே தெரிந்த உண்மையாக வைத்துக்கொண்டு, எடைக் குறைவில் ஒரு பங்குக்கு அதையே காரணமாக்கினார். முடிவு முதலில், அளவு பின்னால். ஸ்டீபன் ஜே கூல்டு 1981-இல் எழுதிய புத்தகத்தில் இந்த வட்டத்தைப் பிரித்துக் காட்டினார். அளவெடுக்கும் இந்த வெறி மெட்ராசுக்கும் வந்து சேர்ந்தது. 1885-இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் சாதிசாதியாகத் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1909-இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றைக்கும் சாதிச் சங்கத்துக்காரர்கள் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். யார் யாரை அளந்தார்கள் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

பொதுப் பேச்சு என்ற வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஷார்கோ. 1880-களில் பாரிஸ் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும் அவர் நடத்திய பாடங்களுக்கு மருத்துவர்களோடு எழுத்தாளர்களும் போனார்கள். மொப்பசான் போனார். 1885-இல் இளைஞர் ஃபிராய்டு வியன்னாவிலிருந்து வந்து உட்கார்ந்தார். ஹிஸ்டீரியா நோயாளிகளான ஏழைப் பெண்கள் மேடையில் நிறுத்தப்பட்டு, மனோவசியத்துக்கு உட்படுத்தப்பட்டு, வலிப்பின் கட்டங்களை வரிசை தப்பாமல் நடத்திக் காட்டினார்கள். 1887-இல் புரூயே வரைந்த ஓவியத்தில் அந்தக் காட்சி இருக்கிறது: நிறைய ஆண்கள், நடுவில் சாய்ந்து விழும் பிளான்ஷ் விட்மன். ஷார்கோ போலி வைத்தியர் அல்ல. நரம்பு நோய்கள் சிலவற்றை முதன்முதலாகப் பிரித்து அடையாளம் காட்டியவர். ஆனால் ஹிஸ்டீரியாவுக்கு அவர் தேடிய மூளைச் சிதைவு கிடைக்கவே இல்லை. 1893-இல் அவர் இறந்த பிறகு அந்த 'வரிசை தப்பாத' வலிப்பும் மெல்ல மறைந்தது. மேடை போனது, நோயும் போனது. 1973-74-இல் காலேஜ் த ஃபிரான்சில் ஃபூக்கோ இதையே எடுத்துப் பேசினார். அந்தப் பெண்கள் வெறும் பலியாடுகள் அல்ல, மருத்துவர் கேட்டதை அளவுக்கு மீறிக் கொடுத்து அவரையே மாட்டிவிட்டவர்கள் என்பது அவர் வாசிப்பு. அந்தச் சொற்பொழிவும் கட்டணமில்லாமல் யாரும் போய்க் கேட்கக்கூடிய பொதுப் பேச்சுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, மேடை என்ற வடிவத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

2

சரி, அது பழைய கதை, இப்போதுதான் எந்திரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மேடையில் காட்டப்படும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் செயல்சார் எம்.ஆர்.ஐ. படங்கள். இதன் அடிப்படையை 1990-இல் சேஜி ஒகாவா கண்டார். நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு மாறுவதால் காந்த அலைச் சமிக்ஞையும் மாறுகிறது. எந்திரம் அளப்பது இதைத்தான், எண்ணத்தை அல்ல. நரம்பணு இயங்குவது மில்லி வினாடிகளில், ரத்தம் வந்து சேர்வது சில வினாடிகள் கழித்து. சிவப்பும் மஞ்சளும் மூளைக்குள் இல்லை. பல்லாயிரம் சிறு கட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 'இங்கே வித்தியாசம் தற்செயலானதல்ல' என்று கணக்கு சொன்ன இடத்தில் பூசிய வண்ணம் அது.

அந்தக் கணக்கில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். ஒரு செத்த சால்மன் மீனை எந்திரத்துக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று முறைப்படி மீனிடம் கேட்டார்கள். பல ஒப்பீடுகள் செய்யும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையிலும் சில புள்ளிகள் 'எரிந்தன'. அட, செத்த மீனும் யோசிக்குதே! திருத்தத்தைச் செய்ததும் புள்ளிகள் காணாமல் போயின. அந்த எந்திரம் பொய் என்பது இதன் பொருள் அல்ல. படத்துக்குப் பின்னால் ஒரு வாசிப்பு இருக்கிறது, வாசிப்பில் பிழை வரும் என்பது பொருள். பிரதியை வாசித்துப் பழகிய நமக்கு இது அந்நியமான சேதி இல்லை.

3

இப்போது நமக்கு மிக நெருக்கமான ஒரு ஆய்வுக்கு வருகிறேன். 2010-இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் சகாக்களும் போர்ச்சுக்கல், பிரேசில் நாடுகளைச் சேர்ந்த 63 பேரின் மூளைகளைப் படமெடுத்தார்கள். 10 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், 22 பேர் வயது வந்த பிறகு கற்றவர்கள், 31 பேர் சிறு வயதிலேயே பள்ளிக்குப் போனவர்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இடது மூளையின் பின்-கீழ்ப் பகுதியில் ஒரு இடம் எழுத்தைக் கண்டதும் வலுவாக இயங்குகிறது. பேச்சைக் கேட்கும்போதுகூட மூளை வேறு மாதிரி இயங்குகிறது. முக்கியமான விஷயம், பெரியவர்களாகிக் கற்றவர்களிடமும் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி காணப்பட்டது. எழுத்து வந்த இடத்தில் முகங்களை அடையாளம் காணும் வேலை சற்றுச் சுருங்குகிறதோ என்ற சந்தேகமும் அந்த ஆய்வில் எழுந்தது. 2019-இல், லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமத்தவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு அப்படி எதுவும் அழிவதில்லை என்றது. விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை இது.

இதை ஒரு மேடையில் இரண்டு படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 'படித்தவர் மூளை', 'படிக்காதவர் மூளை'. முன்வரிசையில் இருப்பவர் என்ன நினைப்பார்? 'அதான் பாருங்க, அவங்களுக்கு மூளையே வேற.' காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. எழுத்து கிடைக்காததால் அந்த மூளை அப்படி இருக்கிறது. மூளை அப்படி இருந்ததால் எழுத்து கிடைக்காமல் போகவில்லை. அந்தப் படம் காட்டுவது பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வரலாற்றை. நம் நாட்டில் அந்த வாசலில் நின்றவை சாதியும் ஆண்மையும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியிலும் பின்னர் புதுக்கோட்டையிலும் அறிவொளி வகுப்புகளில் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்த பெண்களுக்கு இந்த ஆய்வு ஒரு சாட்சியம்: வயது கடந்த பிறகும் எழுத்து மூளைக்குள் இடம் பிடிக்கும். அறிவொளித் தொண்டர்கள் எந்த எந்திரமும் இல்லாமல் இதை நம்பித்தான் தெருவில் இறங்கினார்கள். ஒரே படம் இழிவுக்கும் பயன்படும், உரிமைக்கும் பயன்படும். எதற்கு என்பதைத் தீர்மானிப்பது படத்தோடு சொல்லப்படும் கதையாடல்.

4

காட்டப்படுகிறவரையும் பேசவைத்த பேச்சுகள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 2003-இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அவர் புகழ் பெற்றது துண்டிக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்றவர்களின் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டதால். இல்லாத கை எப்படி வலிக்கும் என்று தள்ளாமல், சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பெட்டியில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியவைத்தார். சிலருக்கு வலி தணிந்தது. எல்லாருக்கும் அல்ல. இங்கே நோயாளியின் சொல்தான் ஆய்வின் தொடக்கம். லெபோர்னுக்குக் கிடைக்காத இடம் அது. அதே ராமச்சந்திரன் சோழர் காலப் பார்வதி சிலையின் அழகை மூளையின் பொது விதிகளால் விளக்கப் புகுந்தபோது எனக்கு ஒப்புதல் இல்லை. இடை சிறுத்து மார்பு பெருத்த வடிவம் கண்ணை ஈர்ப்பதற்கு விதி சொல்லலாம். அந்தக் கோயிலுக்குள் யார் போக முடிந்தது, யார் அந்தச் சிலையைப் பார்க்கவே முடியவில்லை என்பதற்கு நியூரான் பதில் சொல்லாது.

ஆகவே கூட்டத்துக்குப் போவோம். போய்ச் சில கேள்விகளைத் தமிழில் கேட்போம். எத்தனை பேரின் மூளை இது? அவர்கள் யார், எந்த ஊர், என்ன வேலை? படத்தில் உள்ள வித்தியாசம் அவர்கள் வாழ்க்கைக்கு முந்தியதா, பிந்தியதா? யாரோடு ஒப்பிட்டீர்கள்? அவர்கள் தம்மைப் பற்றி என்ன சொன்னார்கள், அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? நல்ல விஞ்ஞானி இந்தக் கேள்விகளால் சங்கடப்பட மாட்டார், அவருடைய வேலையே இதுதான். சங்கடப்பட வேண்டியவர்கள் 'நடுமூளையைத் திறந்துவிடுகிறோம்' என்று கண்ணைக் கட்டிக் குழந்தைகளைப் படிக்கவைப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கியவர்கள். அவர்களுக்கு எதிராக நமக்கு விஞ்ஞானியின் துணை வேண்டும். விஞ்ஞானிக்கும் நம் துணை வேண்டும். ஏனென்றால் 'மூளை கெட்டவன்', 'களிமண் மண்டை' என்று பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளும் மொழி எந்த ஆய்வகத்திலும் உண்டாகவில்லை. அது நம் வகுப்பறைகளில் உண்டானது, நம் தமிழில் இருக்கிறது. அந்த மொழியிலேயே உட்கார்ந்து கேட்டால்தான் படம் எந்த இடத்தில் தீர்ப்பாக மாறுகிறது என்பது நமக்குத் தெரியும்.